மாப்ளைக்கு ரெண்டு கலரு

ஏம் மாப்ளே, பதினொன்னரை மணிக்கு வண்டியத் தொடைக்கீகளே, எங்க கெளம்பிட்டீக? கழுகுமலைக்கு விருந்துக்கா? போங்க, போங்க. புது மாப்ளையத் தடுக்க நான் யாரு, பொண்ணுக்குத் தாத்தா தானே. ஆனா அங்க இன்னும் அடுப்பே பத்தவச்சிருக்க மாட்டாக. கோவில்பட்டியில இருந்து 20 கிலோமீட்டர், கறி வேகுறதுக்கு முந்தி நீங்க வெந்துட்டா சம்பந்திக்கு நான் என்ன பதில் சொல்ல?

ஹெல்மெட்ட அழகா கண்ணாடியில மாட்டிவச்சிருக்கீக. நல்லதுதான், கண்ணாடிக்கு வெயில் ஆகாது பாருங்க. அரைக்கைச் சட்டையும் எடுப்பா இருக்கு. கல்யாண ஆல்பம் வந்துசேர ஆடி ஆயிரும். அதுக்குள்ள முழங்கைக்குக் கீழ ஒரு கலரு, மேல ஒரு கலருன்னு ஆயிட்டீகன்னா ஊர்ல கேப்பாக: "படத்துல இருக்கது யாரு, இவுக அண்ணனா?"

"வண்டி ஓடுனா காத்து வரும் தாத்தா"ங்கீக. வரும். அந்தக் காத்துதான்யா களவாணி. நம்ம தோல்சூடு 35 டிகிரி வாக்குல இருக்கும். வெளிய 38, 39ன்னு ஏறிட்டா, காத்து ஒங்க சூட்ட எடுத்துட்டுப் போகாது, தன் சூட்டத்தான் ஒங்ககிட்ட எறக்கிவச்சிட்டுப் போகும். வேர்வை ஆவியாப் போறதால மட்டும் குளுகுளுன்னு இருக்கும். மம்பட்டி புடிக்கிறவன் சட்டையப் பிழிஞ்சு பாத்தாவது எம்புட்டுத் தண்ணி போச்சுன்னு கண்டுக்கிடுவான். ஒங்களுக்கு அதுவும் கெடையாது. வந்த வேர்வை வந்த வேகத்துல காஞ்சு, முதுகுல வெள்ளையா உப்புத்தடம் மட்டும் மிஞ்சும். தோலு கருகுறதும் அப்ப தெரியாது. சாயங்காலம் சோப்புப் போடும்போதுதான் பிடரி எரியும்.

முழுக்கைப் பருத்திச் சட்டையா, தொளதொளன்னு ஒண்ணு போடுங்க. புறங்கைய மறந்துறாதீக, கைப்பிடியப் புடிச்சிக்கிட்டு வெயிலுக்கு நேரா நீட்டுறது அதத்தான். துண்ட நனைச்சு கழுத்துல சுத்தி, முனைய உள்ள சொருகிருங்க. பறந்துபோயி சக்கரத்துல சிக்குனா வெயிலே தேவலன்னு ஆயிரும். பேத்தி பின்னால குடை பிடிக்கேன்னு நிப்பா, விடாதீக. எதிர்க்க வர்ற லாரிக்காத்துல குடை மல்லாந்தா, குடையோட சேந்து அவளும் போவா. பெறகு நான்தான் அழணும்.

அவ ஏதோ வெள்ளைக் களிம்பு வச்சிருக்காளே, எஸ்.பி.எஃப். 30ன்னு போட்டது, அதக் கெளம்புறதுக்குக் கால்மணி நேரம் முந்தியே பூசிருங்க. ரெண்டு மணி நேரத்துக்கு ஒருக்கா திரும்பப் பூசணும். பூசுன கையோட துண்டு வச்சு மூஞ்சியத் தொடச்சா, துண்டு மட்டும்தான் செவப்பா இருக்கும்.

திருவிழாவுல வாங்குன கூலிங்கிளாஸ் ஒங்களுக்கு எடுப்பாத்தான் இருக்கு. ஆனா யூ.வி. 400ன்னு இல்லாத கருப்புக்கண்ணாடி கெடுதல்யா. இருட்டுன்னு நெனச்சு கண்ணுமணி பெருசாத் தெறக்கும், வேண்டாத கதிரெல்லாம் உள்ள போகும்.

நேரத்துக்கு வாரேன். சித்திரை பொறக்கையில சூரியன் நம்ம ஊரு உச்சந்தலைக்கு நேரா வந்து நிக்கும், மறுக்க ஆவணியில ஒருக்கா வரும். கடியாரத்துல 12 அடிச்சா உச்சின்னு நெனைக்காதீக. நம்ம கடியாரம் மிர்சாப்பூர்ப் பக்கத்து உச்சிக்கு ஓடுது. இங்க நெழலு காலடிக்கு வர 12.15 தாண்டிரும். நெழலு நம்மளவிடக் குட்டையா இருக்கவரைக்கும் வண்டிய எடுக்கப்படாது. எங்க கெடா ரெண்டும் எஞ்சினியரிங் படிக்கல, ஆனா பத்தரைக்கே வேப்பமரத்தடிக்குப் போயிருச்சுக.

சிரிக்கீக. தலை கிறுகிறுத்து, பேச்சுக் கொளறி, ஒடம்பு கொதிச்சா சிரிப்பு வராது. அப்ப வீரம் காட்டாம நெழலுக்கு ஒதுங்கி, மேலெல்லாம் தண்ணிய ஊத்தச் சொல்லி, 108க்குப் போன் அடிக்கச் சொல்லணும்.

ஒங்க பாட்டி மோர்ல உப்புப் போட்டு வச்சிருக்கா, ரெண்டு சொம்பு குடிச்சிட்டுத் திண்ணையில சாயுங்க. நாலரைக்குக் கெளம்பலாம். கழுகுமலைக்கு நான் காலையிலயே போன் போட்டு, விருந்த ராத்திரிக்கு வச்சுக்கிடச் சொல்லிட்டேன். பையில என்னத்தத் தேடுதீக? சாவியா? அது எம் மடியிலதான் இருக்கு.