திரையில் மறைந்த பாறை

கேள்வி: படகில் ஜிபிஎஸ் திரை இருக்க, உல்லாசமாகப் பாய்மரம் ஓட்டுபவருக்குக் காகிதக் கடல் வரைபடம் எதற்கு? வடை மடிக்கவா?

பதில்: வடைக்கு எண்ணெய் ஒற்றவும் ஆகும்! 2014 நவம்பரில், வோல்வோ ஓஷன் ரேஸ் பந்தயத்தில் ஓடிய ‘வெஸ்டாஸ் விண்ட்’ படகு மொரீஷியஸுக்கு வடகிழக்கே பவளப்பாறையில் மோதி ஏறி நின்றது. ஜிபிஎஸ் பொய் சொல்லவில்லை. மின் வரைபடத்தைச் சுருக்கிப் பார்த்ததில் பாறைத்திட்டு சரியாகத் தெரியவில்லை. தாளில் அச்சான பாறையோ விரல் பட்டு மறையாது. தாள் பழசாகிவிடுமே என்பீர்கள். உண்மைதான், கடல் வரைபடங்களை வெளியிடும் அமெரிக்காவின் நோவா அமைப்பே மரபான காகித வரைபடங்களைக் கைவிட்டுவிட்டது. ஆனால், அமெரிக்கக் கடலில் வேண்டிய பகுதியைப் புதிய தரவோடு நாமே அச்சிட்டுக்கொள்ள இலவச வசதியும் தருகிறது. ஆகவே, ஓட்டுவதற்குத் திரை. திட்டமிடவும், மின்கலம் செத்தால் கரைசேரவும் தாள். கிளம்புமுன் அச்சிட்டு, நனையாத உறையில் போட்டுக்கொள்ளுங்கள்.