கேள்வி நேரம்: பந்துக்கு முன்னால் நிற்பவர்

கேள்வி: கூடைப்பந்தில் பாயின்ட் கார்டு என்பவர் பந்தைக் கொண்டுபோய்ப் பங்கு பிரிப்பவர்தானே? தடுப்பாட்டத்தில் அவருக்கு என்ன வேலை? (மஞ்சக்குப்பம், கடலூர்)

முதல் வேலையே அவருக்குத்தான். எதிரணிக்கு ஷாட் எடுக்க 24 விநாடி. அதில் 8 விநாடிக்குள் நடுக்கோட்டைத் தாண்டியாக வேண்டும். நம் பாயின்ட் கார்டு எதிரே நின்று நேராக ஓடவிடாமல் வளைத்து வளைத்து வரவைத்தால், ஏழு விநாடி அங்கேயே கரைந்துவிடும். மிச்சமிருக்கும் பதினேழில்தான் அவர்கள் திட்டம் போட வேண்டும். பந்தைப் பறிக்காமலே பாதி வேலை முடிந்தது.

கேள்வி: பந்தைப் பறித்து நிறைய ஸ்டீல் எடுப்பவர்தானே சிறந்த டிஃபெண்டர்? (அண்ணாமலை நகர், சிதம்பரம்)

அவசியமில்லை. அமெரிக்காவின் என்பிஏ லீக்கில் சிறந்த தடுப்பாட்டக்காரர் விருதை கேரி பேட்டன் 1996-ல் வாங்கினார். அந்த சீசனில் ஸ்டீலிலும் அவரே முதல்வர். அடுத்து ஒரு கார்டு அதை வாங்க 2022 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. வாங்கிய மார்கஸ் ஸ்மார்ட் ஸ்டீலில் முதலிடம் இல்லை! பந்துக்குப் பாய்ந்து தவறவிட்டால் பின்னால் ஐந்து பேருக்கு நான்கு பேர். சென்டர் உதவிக்கு வெளியே வருவார், கூடை காலியாகும், ஃபவுலும் அவர் கணக்கில் ஏறும். ஐந்து ஃபவுல் ஆனால் வெளியே உட்காரப்போவது பாய்ந்தவர் அல்ல, சென்டர்.

கேள்வி: பந்து நம் கையில் இருக்கும்போதும் தடுப்பாட்டம் உண்டு என்கிறார் எங்கள் கோச். புரியவில்லை. (திருப்பாதிரிப்புலியூர்)

உங்கள் கோச்சை விட்டுவிடாதீர்கள். பள்ளி, கல்லூரி ஆட்டங்களில் அணிகள் பெரும்பாலும் சரிவது இங்கேதான். நடுக்கோட்டருகே பாயின்ட் கார்டு பந்தை இழந்தால், எதிராளிக்கும் கூடைக்கும் நடுவில் ஆளே இல்லை. எப்பேர்ப்பட்ட சென்டரும் ஓடி வந்து தடுக்க முடியாது. அவசரப்பட்டு எறிந்த ஷாட்டும் அப்படித்தான்: நம் ஆட்கள் இடத்துக்கு வருமுன்னே ரீபவுண்ட் அவர்கள் கையில், அடுத்த நொடி ஃபாஸ்ட் பிரேக். நல்ல பாயின்ட் கார்டு, சக ஆட்டக்காரர் ஷாட் எடுக்கக் கை தூக்கும்போதே பின்வாங்கத் தொடங்கிவிடுவார். ஸ்கோர் ஷீட்டில் இதற்குக் கட்டமே கிடையாது. ஒரு அணி நிறையப் புள்ளி கொடுத்தால் நான் சென்டரைத் திட்டமாட்டேன். பாயின்ட் கார்டு எத்தனை பந்தை இழந்தார் என்றுதான் முதலில் பார்ப்பேன்.

கேள்வி: என் மகள் குள்ளம். பாயின்ட் கார்டாகத் தாக்குப்பிடிப்பாளா? (புவனகிரி)

மக்ஸி போக்ஸ் 5 அடி 3 அங்குலம். என்பிஏவில் 14 சீசன் ஆடினார். தட்டப்படும் பந்து தரைக்கு அருகில்தானே இருக்கிறது! உயரமான எதிராளி அவளைக் கூடையடிக்குத் தள்ளிக்கொண்டு போனால் மட்டும் தோழிகள் உதவிக்கு வர வேண்டும். அதை முன்கூட்டியே பேசிவைக்கச் சொல்லுங்கள்.

கேள்வி: ஆட்டம் முழுக்க ஃபுல் கோர்ட் பிரஸ் (மைதானம் முழுவதும் நெருக்கித் தடுப்பது) போடலாமா? (கடலூர் முதுநகர்)

நம் கடற்கரைப் புழுக்கத்திலா? மாற்று கார்டு இருந்தால் போடுங்கள். இல்லையென்றால் கடைசிக் குவார்ட்டரில் உங்கள் பாயின்ட் கார்டின் கால் நகராது. அதற்குள் எதிரணி அதைக் கண்டுபிடித்துவிடும்.

கேள்வி: தினமும் செய்ய ஒரே ஒரு பயிற்சி? (சிதம்பரம்)

இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு, பந்து தட்டி வரும் நண்பரின் முன்னால் கால்களால் மட்டும் நகர்ந்து வழிமறியுங்கள். இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை, 28 மீட்டர். கை உதவிக்கு இல்லாதபோதுதான் கால் வேலையைக் கற்றுக்கொள்ளும்.