துண்டு போட்ட இடம்

பழனிக்கு நடந்து போய்விட்டு வந்தவனிடம் ஊர் முழுக்கக் காலைப் பற்றியே விசாரிக்கிறது. கொப்புளம் வந்ததா, நகம் பெயர்ந்ததா, தார் ரோடு சுட்டதா? முதுகைப் பற்றி ஒருவரும் கேட்பதில்லை. நடப்பதில் என்ன இருக்கிறது? ஒரு காலுக்கு முன்னால் இன்னொரு காலை வைத்தால் ஆயிற்று; ஒரு வயதுக் குழந்தை அதைச் செய்கிறது. முன்பின் தெரியாத நூறு பேருக்கு நடுவில் வெறுந்தரையில் படுத்துத் தூங்கி, மறுநாள் எழுந்து பல் தேய்க்க இடம் பிடிப்பதைத்தான் நான் விரதம் என்பேன்.

அதுவும் என்னைப் போன்ற குடும்பஸ்தனுக்கு. வீட்டில் ஃபேன் மூன்றில் ஓட வேண்டும். நான்கில் வைத்தால் கழுத்துப் பிடித்துக்கொள்ளும், இரண்டில் வைத்தால் வியர்க்கும். சுவர்ப் பக்கம்தான் படுப்பேன். தலைக்கு ஒன்று, முழங்காலுக்கு ஒன்று என இரண்டு தலையணை. ஒருமுறை ஊரிலிருந்து வந்த பெரியப்பாவுக்கு அதில் ஒன்றைக் கொடுத்துவிட்டு நான் விடிய விடிய விழித்துக் கிடந்ததை, என் மனைவி இன்றைக்கும் கல்யாண வீடுகளில் சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

வேண்டுதல் அவளுடையது, நடை என்னுடையது. எங்கள் வீட்டில் வேலைப் பங்கீடு எப்போதும் இப்படித்தான். என் ரத்தத்தில் சர்க்கரை இறங்கினால் நான் பழனிக்கு நடந்தே வருவதாக அவள் முருகனிடம் சொல்லிவிட்டாள். சர்க்கரையும் இறங்கித் தொலைத்தது.

"என்னங்க, தெனமும் அண்ணா பண்ணை வரைக்கும் நடக்கிற ஆளுதானே நீங்க, பழனி என்ன தூரமா?" என்றாள்.

அண்ணா பண்ணை எங்கள் ஊரில் இருக்கிற அரசு விதைப்பண்ணை. காலை நடைக்கு நான் அங்கே போய்வருவதாக வீட்டில் ஒரு நம்பிக்கை நிலவிவந்தது. உண்மையில் அந்த நடை பஸ் ஸ்டாப் டீக்கடையில் முடிந்து, ஒரு வடையோடு திரும்பிவிடும். ஆனாலும் எனக்குப் பயமில்லை. நான் குடுமியான்மலைக்காரன். பொய் சொன்னவனைக் கைவிடுகிற வழக்கம் எங்கள் ஊர்ச் சாமிக்குக் கிடையாது. ராஜாவுக்குக் கொடுத்த பிரசாத மாலையில் ஒரு நீளமான தலைமுடி இருந்ததாம். அந்த மாலை அர்ச்சகரின் ஆசைநாயகி தலையில் இருந்துவிட்டு வந்தது. "இது யார் முடி?" என்று ராஜா கேட்க, "சாமிக்குக் குடுமி உண்டு" என்று அர்ச்சகர் அடித்துவிட்டார். அவரைக் காப்பாற்றச் சிவலிங்கத்தில் நிஜமாகவே குடுமி முளைத்தது. சிகாநாதர் என்ற பெயருக்கு எங்கள் ஊர் சொல்லும் கதை இது. ஒரு முழக் குடுமியை வளர்த்துக் காட்டியவர் எனக்குப் பழனி தூரத்தைக் கொஞ்சம் சுருக்கித் தரமாட்டாரா என்று நினைத்தேன். தரவில்லை. பழனி மகனுடைய டிபார்ட்மெண்ட். அப்பா தலையிடுவதில்லை போலிருக்கிறது.

இலுப்பூர், விராலிமலை, மணப்பாறை, வையம்பட்டி, வடமதுரை, திண்டுக்கல் என்று போகிறது வழி. தைப்பூசம் நெருங்க நெருங்க ரோட்டோரம் முழுக்கப் பச்சை வேட்டியும் காவித் துண்டுமாகிவிடும். சாமான் வண்டியில் பாத்திரமும் பையும் முன்னால் போய்விடும். நாம் கையை வீசிக்கொண்டு பின்னால் போக வேண்டியதுதான். பசி என்ற பேச்சுக்கே இடமில்லை. பந்தலுக்குப் பந்தல் எலுமிச்சை சாதம், சுண்டல், நீர்மோர், சுக்குக் காப்பி. வீட்டில் பல வருஷமாகக் கண்ணில் காட்டப்படாத கேசரியை இங்கே கையைப் பிடித்து இழுத்து ஊட்டுகிறார்கள். மறுத்தால் சாமி குற்றம். இறங்கின சர்க்கரைக்கு நன்றி சொல்லப் போகிற வழியிலேயே அது ஏறிக்கொண்டிருந்தது. இருட்டில் லாரிக்காரர்களுக்குத் தெரிய வேண்டும் என்று போலீஸ்காரர்கள் பைகளில் ஒளிரும் ஸ்டிக்கர் ஒட்டிவிடுவார்கள். எனக்கு ஒட்டியவர் மேலும் கீழும் பார்த்துவிட்டு முதுகில் இரண்டு ஒட்டினார்.

மாலை போட்டுவிட்டால் எல்லாரும் சாமி. அதில் எனக்கு ஒரு நஷ்டம். என் மச்சினனும் கூட வந்தான். ஊரில் இருந்தவரை "மச்சான், அடுத்த மாசம் தந்துடுறேன்" என்று கைமாற்று வாங்கியவன், மாலை போட்டதும், "சாமி, வெறும் தண்ணியை ரொம்பக் குடிக்காதீங்க" என்று எனக்குப் புத்தி சொல்ல ஆரம்பித்துவிட்டான். சாமியிடம் எப்படிக் கடனைக் கேட்பது?

சரி, படுக்கைக்கு வருகிறேன். அந்தக் காலத்தில் இந்தக் கவலையை ராஜாக்களும் ராணிகளும் சுமந்தார்கள். மதுரையில் 1689 முதல் 1706 வரை ஆண்ட ராணி மங்கம்மாள் சாலை போட்ட கையோடு சத்திரங்களும் கட்டினாள். அவள் பேரில் ஒரு சத்திரம் இன்றும் மதுரை ஜங்ஷனுக்கு எதிரே இருக்கிறது. தஞ்சாவூர் சரபோஜி மன்னர் 1801-ல் ஆங்கிலேய ரெசிடெண்டுக்கு எழுதிய கடிதத்தில் தம் சத்திரங்களின் நடைமுறையை விவரிக்கிறார். வருகிறவர் யாராக இருந்தாலும் சோறு உண்டு. வழியில் நோயுற்றவருக்கு வைத்தியம் உண்டு. நடுராத்திரியில் மணி அடித்து, இன்னும் சாப்பிடாதவர் யாராவது இருக்கிறீர்களா என்று கூப்பிட்டு, வந்தவருக்கும் இலை போடுவார்களாம். படிக்கும்போது கண்ணில் நீர் வருகிறது. ஆனால் மற்றவர்களுக்கு மணி சத்தத்தில் தூக்கம் போயிருக்குமே, அவர்கள் என்ன செய்தார்கள் என்று கடிதத்தில் இல்லை.

செட்டிநாட்டு நகரத்தார்கள் இந்த விஷயத்தில் கெட்டிக்காரர்கள். குன்றக்குடியிலிருந்து காவடியோடு கிளம்பி, சிங்கம்புணரி, நத்தம் வழியாகப் பழனி போகிறார்கள். தலைமுறை தலைமுறையாக நடக்கிற நடை அது. எந்த ராத்திரி எந்த ஊர் என்பது தாத்தா காலத்திலேயே முடிவாகிவிட்டது. எங்கள் குழுவில் அதெல்லாம் எங்களை நடத்திப் போன குருசாமியின் செல்போனில் பேட்டரி எவ்வளவு மிச்சம் என்பதைப் பொறுத்தது. சில ராத்திரி கோயில் மண்டபம், சில ராத்திரி பள்ளிக்கூடத் தாழ்வாரம். திண்டுக்கல்லுக்கு அப்பால் ரெட்டியார்சத்திரமும் ஒட்டன்சத்திரமும் பேரிலேயே ஆசை காட்டும். இரண்டும் இப்போது பஸ் நிற்கிற ஊர்கள்.

விராலிமலையில் படுத்த ராத்திரி பரவாயில்லை. அங்கே முருகனுக்கே சுருட்டுதான் நைவேத்தியம். கருப்பமுத்து என்கிற பக்தர் மழையில் ஆற்றைக் கடக்க முடியாமல் நின்று, குளிரில் ஒரு சுருட்டுக்கு ஏங்கினார், முருகனே ஆள் வடிவில் வந்து கொடுத்தார் என்று சொல்வார்கள். அதைக் கேட்டுவிட்டு நானும் ஒரு தலையணைக்கு ஏங்கிப் பார்த்தேன். மலையிலிருந்து மயில்தான் கத்தியது.

பரீட்சை மணப்பாறை தாண்டி ஒரு கல்யாண மண்டபத்தில். நாங்கள் போய்ச் சேர்ந்தபோது ஹாலில் மனிதர்கள் இல்லை, துண்டுகள் இருந்தன. பஸ்ஸில் ஜன்னல் வழியாகத் துண்டு போட்டு வளர்ந்த சமுதாயம் நாம். சுவரோரம் முழுக்கத் துண்டு, தூணைச் சுற்றித் துண்டு. உரிமையாளர்கள் வெளியே சாம்பார் சாதம் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். காலி இடம் மூன்றே வகை. ஒன்று, பாத்ரூம் வாசல். இரண்டு, நடுஹால், ராத்திரி எழுந்து போகிற அத்தனை பேரும் மிதித்துக்கொண்டு போகிற ராஜபாட்டை. மூன்று, மணமேடை. மேடையில் இரண்டு அலங்கார நாற்காலிகள் இருந்தன. நாற்காலிகளுக்குப் பின்னால் நான் துண்டு போட்டேன். கல்யாணமாகி இத்தனை வருஷத்துக்கு அப்புறம் மறுபடி மணமேடை ஏறியவன் அந்த ஹாலில் நான் ஒருவன்தான்.

தை மாதப் பனியில் ஃபேன் எதற்கு என்று கேட்பீர்கள். கொசுவுக்கு. ஃபேன் போட்டால் குளிர், நிறுத்தினால் கொசு. ஹால் இரண்டு கட்சியாகப் பிரிந்தது. யாரோ எழுந்து போடுவார். இருட்டில் யாரோ எழுந்து நிறுத்துவார். நான் இரண்டு கட்சிக்கும் ஆதரவு. அதைவிடப் பெரிய சண்டை பிளக் பாயிண்டுக்கு. இருந்தது இரண்டு. அதில் ஒன்றில் கொசுவிரட்டி. மற்றதில் யாரோ ஒரு புண்ணியவான் கொண்டுவந்த எக்ஸ்டென்ஷன் பாக்ஸைச் சொருகி, அதில் இன்னொன்று, அதில் இன்னொன்று. கொடியில் காய்த்த அவரைக்காய்போல செல்போன்கள் தொங்கின.

"சாமி, கொஞ்சம் அங்கிட்டுத் தள்ளிப் படுங்க."

அங்கிட்டு மேடையின் விளிம்பு. தள்ளினேன். இன்னொருவர் வந்து, "இங்கிட்டு வாங்க சாமி" என்றார். வந்தேன். இப்படியே போனதில், நான் போட்ட துண்டில் வேறொருவர் தலை வைத்திருந்தார், நான் யாருடைய துண்டிலோ கால் நீட்டியிருந்தேன். வீட்டில் மெத்தையின் ஒரு சாண் எல்லைக்காக இருபது வருஷம் வாதாடியவன் நான்.

என் அண்ணன் மகன் அமெரிக்காவில் இருக்கிறான். அங்கே அப்பலாச்சியன் பாதை என்று ஒன்று. ஜார்ஜியாவில் தொடங்கி மெய்ன் வரை, 14 மாநிலங்கள் வழியே, 3,500 கிலோமீட்டருக்கு மேல். வழியில் சாமி எதுவும் இல்லை; சும்மா நடக்கிறார்கள். 250-க்கும் மேற்பட்ட தங்குமிடங்கள் காட்டுக்குள் இருக்கின்றன. கூரை உண்டு, பலகைத் தரை உண்டு, சுவர் மட்டும் பெரும்பாலும் மூன்று. ஒரு பக்கம் திறந்தே கிடக்கும். முன்பதிவு அநேகமாகக் கிடையாது, முன்னால் வந்தவனுக்கு இடம். சோற்று மூட்டையைக் கரடிக்குப் பயந்து கயிற்றில் கட்டித் தொங்கவிட வேண்டும். ராத்திரி எலிகள் மேலே ஏறி ஓடும். அவன் வீடியோ காலில் காட்டியபோது என் மனைவி, "மூணு செவுரு கட்டினவனுக்கு நாலாவதுக்குக் காசு இல்லாமப் போச்சா?" என்று வருத்தப்பட்டாள். எனக்கோ பொறாமையாக இருந்தது. அங்கே ஒரு கொட்டகையில் பத்துப் பேர் படுத்தாலே நெரிசலாம். எங்களுக்குப் பத்துப் பேர் என்பது ஒரு குடும்பம். நாலாவது சுவர் இல்லாததில் ஒரு வசதியும் உண்டு: குறட்டை அந்தப் பக்கமாகக் காட்டுக்குள் போய்விடும்.

எங்கள் மண்டபத்தில் நான்கு சுவரும் திடமாக இருந்தன. குறட்டை விஷயத்தில் நான் சாதாரண ரசிகன் அல்ல. எங்கள் ஊர்க் குன்றில், மேலைக்கோயில் என்கிற குடைவரைக்குப் பக்கத்துப் பாறையில் ஒரு இசைக் கல்வெட்டு இருக்கிறது. ஏழாம் நூற்றாண்டு, கிரந்த எழுத்து, 38 வரி. ருத்ராசாரியர் என்கிறவரின் மாணாக்கனான ஒரு மன்னன், படிக்கிற பிள்ளைகளுக்காகச் சுரக் கோவைகளை வெட்டிவைத்தான். அது மகேந்திரவர்மப் பல்லவன்தான் என்று சொல்வோரும் உண்டு, இல்லை என்போரும் உண்டு. ஏழு பிரிவு அதில்: மத்தியம கிராமம், சட்ஜ கிராமம், ஷாடவம், சாதாரிதம், பஞ்சமம், கைசிக மத்தியமம், கைசிகம். இவை எப்படி ஒலித்திருக்கும் என்று பண்டிதர்கள் நூறு வருஷமாக விவாதிக்கிறார்கள். பாவம், அந்த மண்டபத்தில் ஒரு ராத்திரி படுத்திருந்தால் விஷயம் தீர்ந்திருக்கும். தூணோரத்தில் ஒருவர் நிதானமாகச் சட்ஜத்தில் பிடிக்க, பாத்ரூம் வாசலிலிருந்து பஞ்சமம் பதில் சொன்னது. குருசாமியுடையது ஷாடவம், ஆறு சுரம் வந்து ஏழாவதில் மூச்சு நிற்கும். ஏழாவது எப்போது வரும் என்று ஹாலே காத்திருக்கும். கைசிகம் யார் என்று மட்டும் கடைசிவரை பிடிபடவில்லை. காலையில் மச்சினனிடம் கேட்டேன். "நீங்கதான் சாமி" என்றான். நான் கண்ணே மூடவில்லை என்று சொன்னதை ஹாலில் யாரும் ஏற்கவில்லை.

இரண்டரை மணிக்கு விசில். வெயிலுக்கு முன்னால் தூரத்தைக் கழிக்க வேண்டும் என்று குருசாமிக்கு. இருட்டில் நூறு பேர் துண்டைத் தேடினார்கள். எனக்குக் கிடைத்த துண்டில் ஒரு அரசியல் கட்சியின் கரை இருந்தது. வழியெல்லாம் அந்தக் கட்சிக்காரர்கள் எனக்கு மட்டும் இரண்டாவது டம்ளர் மோர் கொடுத்தார்கள்.

பழனியில் 693 படி ஏறியதைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை, ஏறினால் முடிந்துவிடுகிறது. திரும்ப பஸ்ஸில் வந்தோம். வீட்டில் அன்று ராத்திரி மெத்தை, இரண்டு தலையணை, ஃபேன் மூன்றில். நன்றாகத் தூங்கினேன். மனைவிதான் தூங்கவில்லையாம். "அங்கிட்டுத் தள்ளுங்க சாமி, அங்கிட்டுத் தள்ளுங்க சாமின்னு ராத்திரி முழுக்க என்னைத் தள்ளிக்கிட்டே இருந்தீங்க" என்று புகார். அடுத்த வேண்டுதலில் நடையையும் அவளே எடுத்துக்கொள்வதாக இருக்கிறாள். பெண்கள் மண்டபத்தில் ஃபேன் உண்டா என்று மட்டும் விசாரிக்கச் சொல்லியிருக்கிறாள்.

பாதயாத்திரை வழியில் மண்டபம் கட்டுகிற தர்மவான்களுக்கு ஒரு விண்ணப்பம். கோபுரம் வைத்த முகப்பு, பளிங்கில் உங்கள் தாத்தா பெயர் எல்லாம் நன்றாகவே இருக்கின்றன. கூடவே ஒரு வரிசை பிளக் பாயிண்டும், பின்பக்கம் பத்துக் குழாயும் போட்டுவிடுங்கள். குறட்டைக்காரர்களுக்குத் தனி அறை கட்ட வேண்டாம். யாரும் அதில் போய்ப் படுக்க மாட்டார்கள்.