அளாப்பி லட்சணம்

பேராதனைக்கும் கம்பளைக்கும் நடுவிலுள்ள கெலிஓயாவைப் பற்றி எழுதப் புகுவோர், அருகிலிருக்கும் எம்பெக்கே தேவாலயத்து மரத்தூண்களையும் கடலாதெனிய விகாரையின் கருங்கல் வேலையையும் வர்ணித்த மாத்திரத்தில் தங்கள் கடமை தீர்ந்ததென்று பேனாவை மூடிவிடுகிறார்களேயன்றி, இவ்வூர்ப் பக்கத்து மரண வீட்டு முற்றங்களிலே, விடியும்வரை கண்விழிக்க வேண்டிய நிர்ப்பந்தத்தினால் நால்வர் நால்வராகக் கூடி ஆடுகின்ற முந்நூற்று நாலு என்னும் சீட்டாட்டத்தையும், அவ்வாட்டத்தில் தவறாது தலைகாட்டும், ஏமாற்றி ஆடுகின்ற அளாப்பி என்னும் ஜீவனையும் சாஸ்திர ரீதியாக விசாரிக்க முன்வந்தாரில்லை. அக்குறையை நிவர்த்தி செய்வதே இவ்வாராய்ச்சியின் பிரயோஜனம்.

முதலில் களத்தை அறிதல் வேண்டும். கட்டிலிருந்து ஏழுக்குக் கீழ்ப்பட்டவற்றை விலக்கினால் எஞ்சும் 32 சீட்டுகளே இவ்வாட்டத்திற்கு மூலதனம். ஜாக்கிற்கு 30, ஒன்பதுக்கு 20, ஆசுக்கு 11, பத்துக்கு 10, ராஜாவுக்கு 3, ராணிக்கு 2 என்று புள்ளி வகுத்து, எட்டையும் ஏழையும் வெறுங்கையோடு அனுப்பிவிடுவதால், ஓரினத்துக்கு 76, நான்கினத்துக்கு 304 என்று கணக்கு முடிகிறது. ராஜா தம் சேவகனில் பத்திலொரு பங்கே பெறுமதியுடையவராயிருக்கும் இவ்வேற்பாடு, 1815 இல் மன்னராட்சி முடிவுற்ற கண்டி மண்ணுக்கு மிகவும் பொருத்தமானதென்பதையும் இங்கே சொல்லிவைக்கலாம். எதிரெதிரே அமர்ந்தவர்கள் கூட்டாளிகள். முதல் நான்கு சீட்டுகளைப் பார்த்தே இத்தனை புள்ளி எடுப்பேனென்று கேள்வி கேட்டு வென்றவர், மற்ற இனங்களை வெட்டும் தம் துரும்பினத்தைக் குறிக்கும் சீட்டொன்றைக் கவிழ்த்து வைக்கிறார். அதன்பின்பே மற்ற நான்கும் கைக்கு வருகின்றன. இறக்கிய இனம் கையில் இல்லாதவர் ஒரு சீட்டைக் கவிழ்த்துப் போடலாம். அது துரும்புதானா என்று எடுத்துப் பார்க்கும் அதிகாரம் துரும்பு வைத்தவர் ஒருவருக்கே உரியது.

அளாப்பில் அதமமானது சைகை. ஆட்டின் இனத்துக்கு நெஞ்சைத் தடவுவதும் ஜாக் இருப்பதற்கு இருமுவதும் பாலபாடம்; மார்கழிப் பனியில் முற்றத்திலிருக்கும் அனைவரும் இருமுவதால் அது பிரமாணமாகவும் நிற்பதில்லை. மத்திமமானது, இனம் கையில் இருக்கவே இல்லையென்று சாதித்து வெட்டுவது. கடைசிச் சீட்டுகள் இறங்கும்போது அது தானே வெளிப்பட்டுவிடும். உத்தமமானது துரும்பை மாற்றுவது. துரும்பு வைத்த அளாப்பி, இரண்டாம் முறை பங்கிட்ட நான்கு சீட்டுகளையும் விரித்துப் பார்க்கிறான். தான் கிளாவரில் வைத்தது பிழையென்றும் டைமனில் வைத்திருந்தால் பிழைத்திருக்கலாமென்றும் அவனுக்குத் தெரிகிறது. அச்சமயம் இஞ்சித் தேத்தண்ணியும் கிறீம் கிறக்கரும் வருகின்றன. மற்ற மூவரின் கண்ணும் தட்டத்திற்குப் போகையில், வலக்கை பிஸ்கட்டை எடுக்க, இடக்கைப் பெருவிரல் கவிழ்ந்து கிடந்த கிளாவர் ஏழை உள்ளே இழுத்து டைமன் எட்டை அவ்விடத்தில் ஸ்தாபிக்கிறது. இரண்டு கையும் இரண்டு காரியம் பார்த்தும் பிஸ்கட் நொறுங்குவதில்லை. இதனைக் கலையென்று கொள்வதில் எனக்கு ஆட்சேபமில்லை.

அளாப்பி கெலிஓயாவுக்கு மாத்திரம் உரியவனல்லன். பேராதனையிலிருந்து கெலிஓயா வழியே செல்லும் இருப்புப்பாதை நாவலப்பிட்டியை எட்டியது 1874 இல். சரியாக நூறாண்டு கழித்து 1974 இல், அமெரிக்காவிலே கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்ன்சன் என்னும் இருவர் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்றொரு மேசை விளையாட்டை வெளியிட்டார்கள். ஆட்டக்காரர் ஒவ்வொருவரும் வீரனாகவோ மந்திரவாதியாகவோ வேடம் பூண்டு, இருபது முகமுள்ள பகடையை உருட்டிப் பூதங்களோடு பொருதுவர். கதையை நடத்துபவர் ஓர் அட்டை மறைப்பின் பின்னிருந்து தம் பகடையை யாரும் காணாமல் உருட்டுவார். இந்த நூறாண்டு ஒற்றுமையைத் தற்செயலென்று தள்ளுவோர் தள்ளுக. கவிழ்த்த சீட்டைத் தனியே பார்ப்பவருக்கும் மறைப்பின் பின் பகடை உருட்டுபவருக்கும் ஸ்தானம் ஒன்றே என்பது மாத்திரம் மறுக்கவொண்ணாதது. அங்கேயும் அளாப்பி உண்டு: பகடை நிற்குமுன் அள்ளிக்கொண்டு, "பத்தொன்பது!" என்பான்.

இங்கே பூர்வபக்ஷிகள் ஓர் ஆட்சேபம் எழுப்புவர். வஞ்சகமென்பது லாபத்தின் பொருட்டே. சகுனி நாட்டுக்காக உருட்டினான். கௌடில்யரும் சூதாட்டத்துக்கு ஓர் அதிகாரியை நியமித்து, அரசு தரும் காயை மாற்றுவோனுக்குப் 12 பணம் தண்டம் விதித்தது காசு கைமாறியபடியால்தான். அப்படியிருக்க, ஒரு சதமும் பந்தயமில்லாத மரண வீட்டுச் சீட்டிலும், ஆட்டக்காரருள் ஒருவர் மற்றவரை வெல்லவே வழியில்லாத அமெரிக்க விளையாட்டிலும் ஒருவன் ஏன் அளாப்ப வேண்டும் என்பர். பந்தயம் இல்லாமையே காரணமென்பது என் சித்தாந்தம். காசு வைத்த இடத்தில் தோற்றவன் காசைத் தோற்றேனென்று ஆறுதலடைவான்; காசில்லாத இடத்தில் தோற்பதற்குத் தன்னைத் தவிர வேறொன்றும் அவனிடத்தில் இல்லை. பகலெல்லாம் மேலதிகாரிக்கும் மாலையில் மனைவிக்கும் தோற்ற ஒருவன், இரவு இரண்டு மணிக்கு ஒரு கேள்வியையாவது ஜெயிக்க விரும்புவதை மகாபாதகங்களில் சேர்க்க மனம் வரவில்லை.

ஆயினும் சிகிச்சை அவசியமே. கையும் களவுமாகப் பிடித்துச் சபையில் நிறுத்துவது மூடவைத்தியம். நாலாவது கை போய்விட்டால் ஆட்டமே இல்லை, அத்துடன் மரண வீட்டில் சத்தம் போட்டான் என்ற அபவாதம் பிடித்தவனுக்கே வந்து சேரும். குலுக்குபவன் வேறு, வெட்டி வைப்பவன் வேறு என்ற சம்பிரதாயத்தை இறுக்குவது ஓரளவு பலன் தரும். துரும்புச் சீட்டை விளக்கடியில் வைத்து அதன்மேல் ஒரு கோப்பையை நிறுத்துவது அதனினும் மேல். எல்லாவற்றிலும் சிறந்தது, அளாப்பிக்கு எதிரே காது மந்தமும் கண்பூவும் உள்ள பெரியவர் ஒருவரைக் கூட்டாளியாக அமர்த்துவது; நெஞ்சைத் தடவினால் அவர், "என்ன தம்பி, வாயுவா?" என்று உரக்க விசாரித்து, ஓமவாட்டர் வாங்கிவர ஆளும் அனுப்பிவிடுவார்.

இம்மூன்று சிகிச்சைக்கும் அடங்காத வகை ஒன்றுண்டு. அளாப்புகிறவர் அவ்வீட்டு மருமகனாயிருப்பது. மாமனாரைக் கூடத்தில் கிடத்தியிருக்கும் இரவில் அவர்மேல் குற்றம் சாட்ட எந்தத் தர்மசாஸ்திரமும் இடந்தராது. இவ்விஷயத்தில் கெலிஓயாப் பக்கத்து வழக்கம் யாதெனில், மூவரும் கையிலுள்ளதை மெல்லக் கவிழ்த்து வைத்து, "மச்சான், சீட்டு ஒன்னு கூடிருச்சு போல, திரும்பக் குலுக்குவோமா?" என்று கேட்பதும், அவர் யோசித்துவிட்டு, "எனக்கும் அப்படித்தான் பட்டிச்சு" என்று சம்மதிப்பதுமேயாம்.