பாஸ்போர்ட் வேண்டாம், தேதி பார்த்தால் போதும்!

கேள்வி: பாஸ்போர்ட் இல்லை, பட்ஜெட்டும் சிறிசு. விமானத்தில் போய்க் காடும் கடலும் பார்த்துவிட்டு வர வழி உண்டா? – வாசகர், திருச்சி

பதில்: தாராளமாக உண்டு. அந்தமானுக்கு ஓர் அடையாள அட்டை போதும். சென்னையிலிருந்து கப்பல் மூன்று நாள் எடுத்துக்கொள்ளும் தூரத்தை விமானம் இரண்டேகால் மணி நேரத்தில் கடந்துவிடும்.

இங்கே செலவைத் தீர்மானிப்பது தூரம் அல்ல, தேதி. டிசம்பர் கடைசியில் டிக்கெட் விலை விமானத்தைவிட உயரப் பறக்கும். பிப்ரவரி, மார்ச்சில் மழையும் இல்லை, விடுமுறைக் கூட்டமும் இல்லை. வார நடுவில், முன்கூட்டியே பதிவு செய்தால் பர்ஸ் பிழைக்கும்.

விமானம் இறங்கும் போர்ட் பிளேருக்கு 2024 முதல் ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர். அங்கிருந்து தீவுகளுக்கு அரசுப் படகே சிக்கனம். தனியார் படகுக் கட்டணம் பல மடங்கு. ஹேவ்லாக் தீவின் ராதாநகர் கடற்கரை அழகுதான். ஆனால் கையைக் கடிக்காமல் இயற்கையை அருகில் பார்க்க நீல் தீவுக்கு ஈடில்லை. வாடகை சைக்கிளிலேயே சுற்றிவிடலாம். கடல் உள்வாங்கும் நேரத்தை விசாரித்துக்கொண்டு இயற்கைப் பாறைப் பாலத்துக்குப் போக வேண்டும். கணுக்கால் அளவுத் தண்ணீரில் பவளப்பூச்சிகளின் கூடும், அசையாமல் கிடக்கும் கடல் அட்டையும், பாறை இடுக்கில் மறையும் சிறு மீன்களும் கண்ணெதிரே தெரியும்.

மாலை ஐந்தரை வாக்கிலேயே சூரியன் கடையைக் கட்டிவிடும். தாமதமாக எழுகிறவர்களுக்குப் பாதி நாள் போச்சு!

ஒரே வேண்டுகோள்: பவளத்துண்டு எதையும் பையில் போட வேண்டாம். அது சட்டப்படி குற்றம்.