பதினேழு கால் புழு

கே: படக்கதைப் புத்தகத்துக்கும் கைவேலைக்கும் ஜோடி சேர்க்க ஜாதகம் பார்க்க வேண்டுமா?

ப: ஒரு பொருத்தம் போதும்: படம் எந்த முறையில் உண்டானதோ, அதையே பிள்ளையின் கையும் செய்து பார்ப்பது. கதையில் யானை வருகிறதென்று யானைப் படத்துக்கு வண்ணம் அடிக்கச் சொல்வது பெயர்ப் பொருத்தம் மட்டுமே. லியோ லியோனியின் நீலப்பொட்டு, மஞ்சள்பொட்டுக் கதை (1959) ரயிலில் பேரப்பிள்ளைகளைச் சமாளிக்கப் பத்திரிகைத் தாளைக் கிழித்ததில் பிறந்தது. அதற்கேற்ற வேலையும் கிழிப்பதுதான். நீலக் கண்ணாடித்தாள் மேல் மஞ்சளை வைத்து வெளிச்சத்தில் பிடித்தால் பச்சை வரும். மூன்று வயதுக்குக் கத்தரிக்கோலே தேவையில்லை.

கே: எரிக் கார்லின் பசித்த புழு?

ப: 1969இல் வந்தது, காகிதத்தில் ஓட்டை போடும் பஞ்சிங் கருவியோடு விளையாடியபோது தோன்றிய யோசனை. பக்கங்களில் ஓட்டை போட்டு அச்சடிப்பது அமெரிக்காவில் கட்டுப்படியாகாமல் ஜப்பானுக்குப் போனார்கள். டை கட்டிங்கை அன்றாடப் பிழைப்பாகக் கொண்ட சிவகாசிக்காரருக்கு இது சிரிப்பு மூட்டும். கார்ல் மெல்லிய தாளுக்கு வண்ணம் பூசி, வெட்டி ஒட்டினார். அங்கன்வாடியில் பிள்ளைகளே தாளுக்கு வண்ணம் பூசிக் காயவைத்து, மறுநாள் கிழித்து, மைதாப் பசையால் ஒட்டலாம். அச்சகத்தில் விழும் காலண்டர் கட்டிங்கும் உதவும்.

கே: பட்டாசுத் தாள், தீப்பெட்டி?

ப: பட்டாசு ஆபீஸ் பக்கம் கிடக்கும் தாளும் குழாயும் கூடவே கூடாது, மருந்து ஒட்டியிருக்கும். தீப்பெட்டியில் உள்தட்டு மட்டும் சரி. மேல்கூட்டின் உரசுபட்டியில் பாஸ்பரஸ் இருக்கிறது.

கே: இருபது பிள்ளைகளும் அச்சு மாறாமல் ஒரே மாதிரி செய்ய வழி?

ப: அதற்குப் பெயர் தீப்பெட்டி ஆபீஸ். பிஞ்சு விரல்கள் குரோஸ் கணக்கில் பெட்டி ஒட்டிய வட்டாரம் இது. சிவகாசிச் சிறுவர் உழைப்பு பற்றிய எம்.சி. மேத்தா வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது 1996 டிசம்பரில். இங்கே பசைக் கிண்ணத்தை எடுக்கும் ஆசிரியர், செய்துவைத்த மாதிரியை முதலில் அலமாரிக்குள் வைப்பது நல்லது. புத்தகத்தைத் திறந்து வைத்தால் போதும்.

கே: ஒரு வாண்டு புழுவுக்குப் பதினேழு கால் ஒட்டிவிட்டதே?

ப: பூச்சியியல் கணக்கில் ஆறு நிஜக்கால், பல புழுக்களுக்குப் பத்துப் பொய்க்கால். ஒன்றுதான் கூடுதல். அது எதற்கென்று கேட்டு, பிள்ளை சொன்னதைச் சொன்னபடியே படத்தின் அடியில் எழுதிவைக்கலாம்.