கழுத்துக்கா, மோட்டாருக்கா?

வாடா தம்பி, உக்காரு. போன்ல என்ன பாக்குற? காட்டு. அடேங்கப்பா, தங்கக் கலர் செயின்! கழுத்துக்கா, மோட்டாருக்கா? மோட்டாருக்கா, சரி சரி. பொண்ணு வீட்டுல எதும் கேட்டுப்புட்டாங்களோன்னு ஒரு நிமிஷம் பயந்துட்டேன்.

நல்ல யோசனைதான். ஓ-ரிங் வச்ச செயினு, பெரிய மோட்டாருக்குப் போடுறது. உன்கிட்ட இருக்குறது உங்க தாத்தா ஓட்டின இஎக்ஸ்5. 97 சிசி. விடியல்ல பெரட்டுக்கு அவரையும் ஏத்திக்கிட்டு, தோம்பையும் ஏத்திக்கிட்டு, ஞாயித்துக்கிழமையானா 14 கிலோ கேஸ் தோங்கையும் ஏத்திக்கிட்டுப் போன பிராணி. கோழிக்குஞ்சு கால்ல யானைச் சலங்கை கட்டுறேன்னு நிக்கிற. கட்டு, நடக்கும். நடக்கிறதைப் பாக்க நாலு பேரு வருவாங்க.

பெட்டியில என்ன நம்பரு? 428ஆ? உன் மோட்டாருக்கு 420. எட்டு கூட இருக்கே, அப்ப கெட்டியாத்தானே இருக்கும்னு பாக்குற. அப்படிப் பாத்தா உன் அடையாளக் கார்டு நம்பரு எல்லாத்தையும் விடப் பெருசு. செயின் நம்பரைப் படிக்க நான் தோட்டத்துப் பள்ளிக்கூடத்துல அடி வாங்கிப் படிச்ச வாய்ப்பாடு போதும். முன்னால நிக்கிற 4 இருக்கே, அது ஒரு ஊசிக்கும் அடுத்த ஊசிக்கும் நடுவுல உள்ள தூரம், அரைக்கால் அங்குலக் கணக்குல. நாலு அரைக்கால் எவ்வளவு? தெரியாதா? அரை அங்குலம்டா. 12.7 மில்லிமீட்டர். பின்னால வர்ற ரெண்டு நம்பரு உள் அகலம். 20ன்னா கால் அங்குலம். 28ன்னா காலே வீசம். வீசம்னா என்னன்னு உங்க டீச்சர்கிட்ட கேளு, அவங்களும் முழிக்கட்டும்.

தூரம் ரெண்டுக்கும் ஒண்ணுதான். அதனால 428 உன் மோட்டாரோட பல்லுச் சக்கரத்து மேல உக்காரும், சுத்தவும் செய்யும். உக்காந்தா பொருத்தம்னு அர்த்தமா? உங்க மாமா சட்டை உனக்குள்ள நுழையத்தான் செய்யுது. பக்கவாட்டுல ஆடும், பல்லோட ஓரத்தைத் தின்னும். 428தான் வேணும்னா முன்பல்லு பின்பல்லு ரெண்டையும் 428க்கு மாத்து, அது வேற கதை. நீ ஆர்எக்ஸ்இசட் மோட்டாரு வச்சிருந்தா 428ஐ நானே வாங்கித் தருவேன்.

சரி, பழைய செயினு போயிருச்சுன்னு யாரு சொன்னது? தொங்குதுன்னு நீயா முடிவு பண்ணிட்ட. தொங்குறதுக்கெல்லாம் புதுசு வாங்கணும்னா என்னை எப்பவோ மாத்தியிருக்கணும். ஸ்கேல் எடுத்துக்கிட்டு வா. செயினை இழுத்துப் பிடிச்சு 20 கண்ணி எண்ணு. புதுசுல அது 254 மில்லி. 259ஐ எட்டிருச்சுன்னா கதை முடிஞ்சுது. இரும்பு இழுபட்டு நீளமாச்சுன்னு நினைக்காதே. உள்ள இருக்குற ஊசியும் புஷ்ஷும் தேயுது. ஒவ்வொரு கண்ணியிலயும் மயிரிழை மயிரிழையாத் தேஞ்சு, கூட்டினா அஞ்சு மில்லி. ஸ்கேல் இல்லையா? பின்பல்லு சக்கரத்தோட பின்புறம் ஒட்டியிருக்குற செயினை வெளியே இழுத்துப் பாரு. பாதிப் பல்லு தெரிஞ்சா கிழவி செத்துட்டா.

இதுல நம்ம ஆளுங்க ஒரு கெட்டிக்காரத்தனம் பண்ணுவாங்க. ரெண்டு கண்ணியை வெட்டிப்புட்டு, "செயின் டைட்டாயிருச்சு அண்ணே"ம்பாங்க. நானும் பண்ணினவன்தான், ஒளிப்பானேன். அப்ப என்கிட்ட சி70 இருந்துச்சு. ஒரு கடைக்காரன், பேரு வேணாம், அவன் பிள்ளைங்க இப்ப நல்லா இருக்கு, ரெண்டு கண்ணி வெட்டி மாட்டிக் குடுத்தான். கண்ணி கொறஞ்சா மிச்சக் கண்ணியோட தேய்மானம் கொறையுமா? ஹென்ரியேட்டா தோட்டத்துப் பக்கம், பின்னாடி ஒட்டுப்பால் மூட்டை, ராத்திரி. டப்புன்னு அறுந்துச்சு. பின்னால வந்த ஒரு புண்ணியவான் தன் மோட்டார்ல உக்காந்தபடியே என் மோட்டாரைக் காலால தள்ளிக்கிட்டே டவுனு வரைக்கும் கொண்டாந்து விட்டான். ஒட்டுப்பால் நாத்தத்தைப் பொறுத்துக்கிட்டு வந்தான் பாரு, அவன் மனுஷன். அறுந்த செயினு முன்பல்லுல சுருண்டு சிக்கினா எஞ்சின் கூட்டையே ஒடச்சிரும். எனக்கு அந்த மட்டுக்கும் தப்பிச்சுது.

அதனால வாங்குனா செட்டா வாங்கு: செயினு, முன்பல்லு, பின்பல்லு. தேஞ்ச பல்லு சுறா பல்லு மாதிரி ஒரு பக்கம் வளைஞ்சு நிக்கும். அதுல புதுச் செயினைப் போட்டா, பல்லுப் போன கிழவனுக்கு முறுக்கு குடுத்த மாதிரின்னு சொல்லுவேன்னு பாக்குறியா? இல்ல, இங்க கிழவனுக்கு ஒண்ணும் ஆகாது, முறுக்குதான் தேயும்.

கடையில கையில எடுத்துப் பாரு. உருளை ஒவ்வொண்ணும் விரலால தள்ளினா சுத்தணும். அந்த உருளைதான் சூட்சுமமே. ஹான்ஸ் ரெனால்ட்னு சுவிட்சர்லாந்துல பொறந்து மான்செஸ்டர்ல பட்டறை போட்ட ஒருத்தரு 1880ல கண்டுபிடிச்சது. அதுக்கப்புறம் உலகம் அந்தச் செயினுல பெருசா எதையும் மாத்தல, ஓ-ரிங் வச்சதையும் தங்கக் கலர் அடிச்சதையும் தவிர.

மாட்டும்போது கிளிப்பைக் கவனி. மீன் மாதிரி இருக்கும். மூடின பக்கம் தலை, பொளந்த பக்கம் வாலு. செயினு ஓடுற பக்கம் தலை இருக்கணும். வாலை முன்னால நீட்டிக்கிட்டு நீந்துற மீனை மூடா ஆத்துல எங்கயாச்சும் பாத்திருக்கியா? அப்புறம் தொய்வு, மேலும் கீழுமா ஒரு அங்குலம் ஆடட்டும். சக்கரத்தைச் சுத்திச் சுத்தி நாலு எடத்துல பாரு. ரொம்ப இறுக்காதே. பின்னால ஆளு உக்காரும்போது செயினு இன்னும் இறுகும், பேரிங்கு அழும். உன் பின்னால உக்கார ஆளு வரட்டும், அப்ப பேசுவோம்.

எண்ணெய்க்கு எஞ்சின்ல வடிச்ச கறுப்பு எண்ணெயை ஊத்தாதே. உங்க தாத்தா ஊத்தினாரு, எனக்கும் தெரியும். அதுல இரும்புத் தூளு கெடக்கும். மண்ணெண்ணெய்ல கழுவி, தொடச்சு, கியர் எண்ணெய் விடு.

ஆனா உன் செயினுக்கு இந்தக் கதியெல்லாம் எதுக்கு வந்துச்சு? 1958ல ஹோண்டா சூப்பர் கப் வந்தப்பவே ஜப்பான்காரன் செயினை முழுசா ஒரு தகரக் கூட்டுக்குள்ள பூட்டித்தான் அனுப்பினான். அதே வருஷம் பினாங்கு லோ பூன் சியூ ஹோண்டாவை மலாயாவுக்குக் கொண்டாந்தாரு. பஸ் கழுவிப் பொழப்பைத் தொடங்கின மனுஷன், அழுக்கோட அருமை தெரிஞ்சவரு. செம்மண்ணும் மழையும் அடிக்கிற தோட்டத்துல எங்க செயினெல்லாம் வருஷக்கணக்கா ஓடுச்சுன்னா அந்தக் கூட்டாலதான். உன் இஎக்ஸ்5க்கும் அது இருந்துச்சு. நீதான் ஸ்டைலுன்னு கழட்டின. மறுபடி மாட்டினா தங்கச் செயினு ஒருத்தன் கண்ணுக்கும் தெரியாது. மாட்டலைன்னா ஆறு மாசத்துல தங்கம் செம்மண் கலருக்கு வந்துரும். எப்படிப் பாத்தாலும் கறுப்புச் செயினு மலிவு.

கழட்டின கூட்டை எங்க வச்ச? வீட்டுக்குப் பின்னாலயா? போடா, போய்ப் பாரு. மேல்பாதியில உங்க ஆயா கோழிக்குத் தவிடு வைக்குது. கீழ்ப்பாதியில நேத்து ஒரு பொட்டைக்கோழி ஏறி உக்காந்திருச்சு. குஞ்சு பொரிக்க 21 நாளு. அதுவரைக்கும் பணத்தைச் செலவழிக்காம வச்சிரு.